நூற்றி அறுபத்தொன்று

உவர்மலையில் ரியூசன் விட இன்னும் பத்து நிமிடம்.
வேலியோரம் பதினேழு ஸ்கூட்டி.
சுகிர்தமலர் தன்னுடையதை உருட்டிக்கொண்டு
என் பக்கம்தான் வருகிறா.
அவவைக் கண்டால் எனக்குத்
தலைக்கவசத்தைக் கழற்ற மனம் வராது.

"கிருத்திஷாவுக்கு நூற்றி எழுபத்தெட்டு.
கணக்கில ஒண்டைக் கவனயீனமாய் விட்டிட்டா,
இல்லாட்டி எண்பது.
வயலின் மாஸ்டர் சொல்லுறார்,
இந்த வயசில இப்படியொரு காதைத்
தான் கண்டதேயில்லையாம்."
காதைக் கண்டாரா, வாசிப்பைக் கேட்டாரா
என்று நான் கேட்கவில்லை.

பிறகு வந்தது,
கறி இறக்கும்போது தூவும் சரக்குத்தூள் மாதிரி
எப்போதும் கடைசியில் வருவது:
"உங்கட ஆளுக்கு எவ்வளவு?"

என் கைப்பைக்குள் நாலாய் மடித்த தாள்.
அதில் சிவப்பு மையில் தொண்ணூற்று நாலு.
"நூற்றி அறுபத்தொண்டு" என்றேன்.

ஏன் அந்த ஒன்று?
வெறும் அறுபது என்றால் பொய் போலிருக்கும் என்று
அந்த அரை நொடிக்குள் ஒரு புத்தி வேலை செய்திருக்கிறது.
அதில் பாதி அவனுக்குப் போயிருந்தால்...
பாருங்கள்,
அப்போதும் அதைத்தான் நினைத்தேன்.

திரும்பினால் மிதுர்ஷன்.
புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி
எப்போது வந்து நின்றானோ.

உள்துறைமுக வீதியால் வந்தோம்.
கோதுமைக் கப்பலொன்று விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது.
வேறு நாளென்றால் எழுந்து நின்று
பெயரை எழுத்துக்கூட்டுவான்,
கொடியைப் பார்த்து நாட்டைச் சொல்லுவான்.
அன்றைக்கு என் இடுப்பைப் பிடித்த கையில்
பாரமே இல்லை.

சந்தியில் ஒரு கொம்பன் மான்
பேருந்துக்கும் ஒதுங்காமல் வீதியைக் கடந்தது.
பிரேக் பிடித்தேன்.
முதுகுக்குப் பின்னாலிருந்து:
"அம்மா, நூற்றி அறுபத்தொண்டு எடுத்தது ஆர்?"

"ஒருத்தரும் இல்லையப்பன்."

மான் போய் முடிந்தது. பின்னால் ஓட்டோ ஹோர்ன் அடித்தது.

"அவனும் இனி எங்கட வீட்டையோ இருக்கப்போறான்?"

இரவு இடியப்பத்துக்கு நாலு தட்டு வைத்தான்.
நாங்கள் மூன்று பேர்.
"ஆரடா வாறது?" என்றார் இவர்.
"அம்மாவுக்குத் தெரியும்."
நான் சொதியைச் சூடாக்கப் போனேன்.
அது ஏற்கெனவே சூடாய்த்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை
சுகிர்தமலர் வரமுதலே தலைக்கவசத்தைக் கழற்றிக்
கண்ணாடியில் கொழுவினேன்.
"போன கிழமை சொன்னது பொய். தொண்ணூற்று நாலு."
இரக்கத்துக்கு ஆயத்தமாய்த்தான் நின்றேன்.
ஒரு "ஐயோ பாவம்", ஒரு "பரவாயில்லை",
ஒரு நல்ல மாஸ்டரின் தொலைபேசி இலக்கம்.

அவ வளவுக்குள் எட்டிப் பார்த்தா.
குரலை இறக்கினா.
"இவ ராவில எழும்பி இருக்கிறா.
அந்த விட்ட கணக்கைத்தான்
அழிச்சு அழிச்சுச் செய்யிறா.
தாள் ஓட்டையாப் போச்சு."

வேலிக்கு மேலால் காகமொன்று எதையோ இழுத்துப் போனது.
இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

பிறகு தொண்டையைச் செருமினா:
"ஆனா மாஸ்டர் சொல்லுறார்,
சித்திரைக்குள்ள மேடையேற்றலாமாம்."
"நல்லது" என்றேன்,
இந்த முறை மனதார.
நூற்றுக்கு எழுபது மனதார.

திரும்பி வரும்போது வேறொரு கப்பல்.
இடுப்பைப் பிடித்திருந்த கை விட்டது.
பெடல் பலகையில் எழும்பி நிற்கிறான் போல,
ஸ்கூட்டி ஒரு பக்கம் சரிந்தது.
"பனாமா" என்றான்,
எனக்கில்லை, கடலுக்கு.

சரியா பிழையா எனக்குத் தெரியாது.
ஓரங்கட்டி இயந்திரத்தை நிற்பாட்டினேன்.
"எங்க," என்றேன், "எது கொடி?"